எந்தக் கடிகாரப்படி?

டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர். ஐந்து நாள், ஒரு பஸ், முப்பது பேர், ஒரு வழிகாட்டி. அவர் கையில் எப்போதும் ஒரு குடை. அது உயர்ந்தால் நாங்கள் கிளம்ப வேண்டும்.

குதுப்மினாரில் குடை சீக்கிரமே உயர்ந்துவிட்டது. 1981 நெரிசல் விபத்துக்குப் பிறகு மேலே ஏற விடுவதில்லை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். தாஜ்மகாலில் எனக்குப் பிடித்தது ஒரு பிசகு. இருபுறமும் அச்சாக ஒத்திருக்கும் அந்தக் கட்டடத்தில், மும்தாஜின் கல்லறை நட்டநடுவில். பின்னால் வந்து சேர்ந்த ஷாஜகானுடையது மட்டும் மேற்கே ஒதுங்கியிருக்கிறது. கட்டியவருக்கே ஓரத்தில்தான் இடம்!

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர் என்ற பழைய வானியல் ஆய்வுக்கூடம். அங்கே மன்னர் சவாய் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பெரிய சூரியக் கடிகாரம். உயரம் 27 மீட்டர். நிழல் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. நம்பாமல் குனிந்து விரலை வைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிழல் விரலைத் தாண்டிப் போயிற்று. அது காட்டுவது அந்த ஊரின் சூரிய நேரம். நம் கைக்கடிகாரமோ நாடு முழுவதற்கும் பொதுவாக வைத்த, ஜெய்ப்பூருக்குக் கிழக்கே உள்ள 82.5 பாகைத் தீர்க்கரேகையை நம்பி ஓடுகிறது. இரண்டுக்கும் ஏறத்தாழ அரைமணி வித்தியாசம். நாளுக்கு நாள் அது சற்றுக் கூடும், குறையும்.

குடை உயர்ந்தது. "பத்து நிமிடம் தாமதம்" என்றார் வழிகாட்டி. எந்தக் கடிகாரப்படி என்று கேட்க வாய் துடித்தது, கேட்கவில்லை.

அடுத்து ஒரு துணிக்கடையில் இரண்டு மணி நேரம் நிறுத்தினார்கள். அங்கே குடை உயரவே இல்லை.