மெழுகு தடவிய நூல்

செப்டம்பர் 8 வந்தால் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். எல்லாரும் வேளாங்கண்ணியில் இருப்பார்கள். மொரீஷியஸுக்குத் தையல் வேலைக்கு வந்த முதல் வருஷம், அந்த நாளில் ஹாஸ்டல் கட்டிலில் குப்புறப் படுத்து அழுதேன். லைனில் பக்கத்து மெஷினில் தைக்கும் உள்ளூர் அக்கா மறுநாள் விஷயம் தெரிந்து, "சொல்லியிருக்கலாமே, நாங்களும் நேற்று ராத்திரி நடந்துதானே போனோம்" என்றார். அவர் தமிழ்க் குடும்பம்தான், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். தமிழ் அவருக்குக் கோயில் பாட்டோடு சரி, பேச்செல்லாம் இந்தத் தீவு ஜனங்கள் பேசும் கிரியோல் மொழி.

"எங்கேக்கா நடந்தீங்க?"

"பெர் லவால்கிட்ட."

பெர் என்றால் இங்கே சாமியார். போர்ட் லூயிஸ் பக்கத்தில் சேன்ட் குருவா என்ற இடத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. செப்டம்பர் 9 அவர் இறந்த நாள். முந்தின ராத்திரி தீவின் நாலு பக்கத்திலிருந்தும் ஜனங்கள் நடந்து வருவார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, இந்துக்களும் முஸ்லிம்களும் சீனர்களும் வருவார்கள். அதே வட்டாரத்தில் நம் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலும் இருக்கிறது. அக்கா இரண்டு இடத்திலும் கும்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவாராம்.

அடுத்த வருஷம், 2018இல், 8ஆம் தேதி சனிக்கிழமையாக அமைந்தது. ரோஸ்ஹில்லிலிருந்து நடக்கும் கூட்டத்தோடு நானும் கிளம்பினேன். என் ரூமில் இருந்த பிள்ளையும், "அக்கா, நானும் வரட்டா?" என்று கேட்டு ஒட்டிக்கொண்டாள். அவள் வருவதில் எனக்கு விருப்பமே இல்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலர் பத்துப் பதினைந்து பீஸ் கோணலாகப் போய்விட்டது. சூப்பர்வைசர் அத்தனையையும் லைன் நடுவே தரையில் வீசி, "இதுக்கா டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வந்தோம்?" என்று கத்தினார். அன்றையிலிருந்து எனக்கு நானே ரிஜெக்ட் பெட்டியில் கிடக்கும் துணி மாதிரிதான் தெரிந்தேன். அப்படி வலிபட்டவளுக்கு அடுத்தவள் வலி தெரிய வேண்டும் இல்லையா? எனக்குத் தெரியவில்லை. இந்தப் பிள்ளை வந்ததும், என்னைவிட மெதுவாகத் தைக்க ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று நிம்மதிதான் வந்தது. எல்லாரும் அவளை 'மந்தம்' என்றார்கள். நானும் சொன்னேன். அவள் யாரோடும் பேச மாட்டாள், ஊர் பேர் கேட்டால் நழுவிவிடுவாள், சாப்பாட்டுத் தட்டோடு ஓர் ஓரமாகப் போய் உட்காருவாள்.

வழியில் அந்த அக்காதான் லவால் சாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். பிரான்ஸில் 1803இல் பிறந்தவர். முதலில் டாக்டர், அப்புறம்தான் குருவானார். 1841 செப்டம்பரில் இங்கே வந்து இறங்கியிருக்கிறார். அடிமைமுறையை 1835இல் ஒழித்தாயிற்று. ஆனால் விடுதலையானவர்களை யாரும் மனிதராகவே எண்ணவில்லை. படிப்பு இல்லை, குடும்பம் என்று ஒன்றை அமைய விட்டதில்லை, கோயிலில் மரியாதையான இடம் இல்லை. இவர் அவர்களுடைய கிரியோலைக் கற்றுக்கொண்டார். பகலெல்லாம் அவர்களுக்கு வேலை என்பதால் சாயங்காலம் கூட்டி வைத்து ஜெபம் சொல்லிக்கொடுத்தார். வெள்ளைக்காரத் துரைமார் பரிகாசம் செய்தார்கள். இவர் 23 வருஷம் விடவில்லை.

இவ்வளவையும் எந்தப் புனிதர் வரலாற்றிலும் கேட்கலாம். என்னை நிறுத்தியது வேறு. அந்த ஜனங்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து உபதேசியார்களாக்கினாராம். நேற்றுவரை சந்தையில் விலைபோனவர்கள் இன்று ஊர் ஊராகப் போய் விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொடுக்கிறார்கள்! இரக்கப்படுவது யாருக்கும் முடியும். "நீ வா, வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடு" என்று கூப்பிட வேண்டுமானால், அவர்களுக்குள் கடவுள் வைத்திருப்பது முதலில் இவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொரமண்டல் என்று ஓர் இடம் வரும். நம் சோழமண்டலக் கரையின் பேரேதான். அந்த இறக்கத்தில் என் செருப்பு வார் அறுந்தது. ஊரிலிருந்து போட்டு வந்த தோல் செருப்பு. பாதி வழிகூட ஆகவில்லை.

"கழட்டுங்கக்கா" என்றாள் பிள்ளை. ரோட்டோரத் திண்டில் உட்கார்ந்து பையிலிருந்து தடித்த ஊசியும் நூலும் எடுத்தாள். கல்லறையில் ஏற்ற வாங்கி வைத்திருந்த மெழுகுவத்தியில் நூலை மூன்று தரம் இழுத்தாள். நூல் விறைத்து மினுங்கியது. நான் போன் வெளிச்சம் காட்டினேன். தோலில் ஊசி இறங்கவில்லை. ஒரு ரூபாய்க் காசை உள்ளங்கையில் வைத்து ஊசியின் காதை அதில் அழுத்தினாள், இறங்கியது. ஒரே துளையில் நூலின் இரண்டு முனையும் எதிரெதிராகப் போய் வந்தன. ஒவ்வொரு தையலுக்கும் இரண்டு கையையும் விரித்து ஒரு சுண்டு. மெஷினில் தடுமாறும் அதே விரல்கள்தான். கொஞ்சமும் தயக்கம் இல்லை.

"எங்கே கத்துக்கிட்டே?"

தலை நிமிராமல் சொன்னாள்: "எங்க அப்பா செருப்பு தைக்கிறவர்."

ஒன்றரை வருஷம் ஒரே ரூம். இதைச் சொல்ல அவளுக்கு இருட்டும் நடுரோடும் தேவைப்பட்டிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் சாதிக்கொரு வரிசை பார்த்த கோயில்கள் உண்டு. செத்தவர்களுக்கு நடுவே சுவர் வைத்த கல்லறைத் தோட்டமும் உண்டு. ஞானஸ்நானம் வாங்கிய நாமே கட்டிய சுவர். ஹாஸ்டலில் யார் எந்தத் தெரு என்று முதல் வாரமே விசாரித்தவர்களில் நானும் ஒருத்தி.

இதற்குள் பின்னால் வந்த, அந்த அடிமை ஜனங்களின் வழிவந்த கிரியோல் பாட்டி ஒருவர் பிய்ந்த பையை நீட்டினார். அதையும் தைத்தாள். அப்புறம் ஒரு பையனின் ஷூ. பாட்டி அவள் கன்னத்தைத் தடவி, "மெர்சி, மோ தீஃபி" என்றார். நன்றி, என் மகளே. லூக்கா 13இல் 18 வருஷமாக நிமிர முடியாத பெண்ணை இயேசு தொழுகைக்கூடத்தில் எல்லார் முன்னாலும் 'ஆபிரகாமின் மகள்' என்றுதானே சொன்னார். ஊருக்கு அவள் வெறும் கூனி. அவருக்கு மகள். எத்தனையோ தரம் வாசித்த பகுதி, அன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது.

நள்ளிரவு தாண்டி சேன்ட் குருவா போய்ச் சேர்ந்தோம். கல்லறைமேல் லவால் சாமியாரின் உருவம் படுத்த நிலையில் இருக்கிறது. தொட்டுத் தொட்டு வழவழவென்று ஆகிவிட்டது. 1864இல் அவர் அடக்கத்துக்கு 40,000 பேர் வந்தார்களாம். அன்று ராத்திரியும் வரிசை நகரவே இல்லை. என் முறை வந்ததும் வேண்டிக்கொள்ள நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. பிள்ளையின் கை என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. நூல் அறுத்து ஆள்காட்டி விரலில் சிவப்பாக ஒரு கோடு. "ஆண்டவரே, இவளை மந்தம்னு சொன்னேன்" என்று மட்டும் வந்தது. கூடவே, அன்று தரையில் விழுந்த காலர்களும் ஞாபகம் வந்தன. ஆனால் அந்தப் பழைய எரிச்சல் வரவில்லை. என்னையும் அவர் பெட்டியில் போடவில்லை என்று நன்றாகத் தெரிந்தது.

வெளியே வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா" என்றாள். கூன்போட்ட மெழுகுவத்தியை மற்றவற்றோடு நட்டு வைத்தோம். நூல் இழுத்த தடம் அதில் அப்படியே இருந்தது.

விடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் அவள் வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள். நான் போனை வாங்கி, செருப்பைக் காமிராவுக்கு நேரே பிடித்து, "அப்பா, உங்க மக தைச்சது. பதினஞ்சு பேர் பாத்தாங்க" என்றேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"தையல் சரிதாம்மா. முடிச்சு மட்டும் உள்பக்கமா விழுந்திருக்கணும், காலை உறுத்தும். அவகிட்ட குடு, நான் சொல்றேன்."