மூன்று நிமிடத்துக்கு நான்கு வினாடி குறைவு

"நாலே நாலு செகண்டு சார். அதுக்குப் போய் பெனால்டியா?"

அந்தத் தம்பிக்கு இருபது வயதுகூட இருக்காது. கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் தெரிந்தது. ஆறு மணி நேர கிளப் கார் பந்தயம் அது. அவன் அணி அதுவரை தன் பிரிவில் இரண்டாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் விதிப்படி கட்டாய பிட் ஸ்டாப் (பெட்ரோல் நிரப்ப, டயரையோ டிரைவரையோ மாற்ற நடுவில் நிறுத்துவது) ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குக் குறையக் கூடாது. அதற்கான ஒதுக்குச் சாலையான பிட் லேனின் நுழைவுக் கோட்டைத் தொட்டதிலிருந்து வெளியேறும் கோட்டைத் தாண்டும்வரை கணக்கு. அவர்கள் கார் 2 நிமிடம் 56 வினாடியில் வெளியே போய்விட்டது. நான் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மறுபடி பிட்டுக்குள் வந்து நின்றுவிட்டுப் போக வேண்டும் என்கிற ஸ்டாப் அண்ட் கோ தண்டனை வந்தது. அணி ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது.

அப்போது நான் பந்தய அதிகாரி பணிக்கு வந்து இரண்டாவது வருடம். இப்போது பதினொன்று ஆகிவிட்டது. பந்தய நாளில் காலையில் கார்களைப் பரிசோதிப்பேன், பந்தயம் தொடங்கியதும் பிட் லேனில் நிற்பேன். கிளப் பந்தயத்தில் எங்களைப் போன்ற அதிகாரிகளும் சரி, கார் ஓட்டுகிறவர்களும் சரி, திங்கட்கிழமை காலையில் வேறு ஒரு வேலைக்குப் போக வேண்டியவர்கள். சக்கரம் கழற்றுகிறவர் வார நாட்களில் கணக்கு எழுதுவார். பெட்ரோல் ஊற்றுகிறவர் டிரைவருடைய மைத்துனராக இருப்பார். அவர்கள் எல்லோரும் வந்தபடியே முழுசாகத் திரும்பிப் போக வேண்டும். எங்கள் விதிப் புத்தகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான் வரும்.

பெரிய பந்தயங்களில் பிட் ஸ்டாப் ஒரு வித்தை. ஃபார்முலா ஒன்னில் இருபது பேர் சேர்ந்து நான்கு டயரையும் இரண்டரை வினாடிக்குள் மாற்றிவிடுவார்கள். 2023ல் கத்தாரில் மெக்லாரன் அணி 1.80 வினாடியில் முடித்தது. அதற்காக அவர்கள் வருடம் முழுக்கப் பயிற்சி எடுக்கிறார்கள். நம் ஆட்களோ முந்தைய நாள் மாலை நாலு தடவை ஒத்திகை பார்த்திருந்தால் அதுவே பெரிது. அவர்களிடம் "சீக்கிரம் முடிக்கிறவனுக்கு இடம்" என்று சொன்னால் என்ன ஆகும்? நட்டை முழுசாக முறுக்காமல் விடுவார்கள், பெல்ட்டைச் சரியாக மாட்டாமல் விடுவார்கள். அதனால்தான் கிளப் பந்தயங்கள் பலவற்றில் குறைந்தபட்ச நேரம் வைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் முடித்தாலும் மூன்று நிமிடம் நின்றுதான் ஆக வேண்டும் என்றால் யாருக்கும் அவசரம் வராது. என் கண்ணில் இந்தப் புத்தகத்திலேயே அன்பான விதி இதுதான்.

டிரைவர் மாறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது புரியும். பந்தய பெல்ட்டில் ஆறு பட்டை: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைகளுக்கு நடுவே இரண்டு. ஆறும் வயிற்றுக்குக் கீழே ஒரே வட்டப் பக்கிளில் வந்து பூட்டும். முதலில் இறங்குகிற டிரைவர் பட்டைகளைத் தளர்த்திவிட்டு வெளியே வருவார். ஏறுகிறவர் உயரமோ பருமனோ வேறாக இருப்பார். அவர் உட்கார்ந்ததும், கூட இருப்பவர் உடம்பைக் காருக்குள் பாதி நுழைத்து, சீட்டுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் தொடைப் பட்டைகளைக் கையால் துழாவி எடுப்பார். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், ஏனென்றால் மோதலில் வயிறு அந்த விசையைத் தாங்காது. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியின் மேல் தோள் பட்டை சரியாக உட்கார வேண்டும். ஃபார்முலா ஒன்னில் 2003ல் கட்டாயமான கருவி இது, இப்போது கிளப் பந்தயங்களிலும் சாதாரணமாகப் பார்க்கலாம். கையுறை போட்ட கையால், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கொதிக்கிற காருக்குள் இதையெல்லாம் செய்ய வேண்டும். பழகியவர்களுக்கே ஒரு நிமிடம் ஓடிவிடும்.

ஒரு முறை ஒரு கார் கிளம்பத் தயாராக இருந்தது. இன்ஜினும் ஓடத் தொடங்கிவிட்டது. ஜன்னல் வலையின் வழியாக ஒரு தொடைப் பட்டை சீட்டின் ஓரத்தில் தொங்குவதைப் பார்த்தேன். அதன் முனையில் உள்ள உலோக நாக்கு பக்கிளுக்குள் போகவே இல்லை. கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினேன். கடிகாரத்தில் இன்னும் முப்பத்தைந்து வினாடி பாக்கி இருந்தது. நிதானமாகக் கதவைத் திறந்து, மாட்டி, இழுத்துப் பார்த்து அனுப்பினார்கள். குறைந்தபட்ச நேரம் என்ற விதி இல்லாதிருந்தால் அந்தக் கார் நான் பார்ப்பதற்கு முன்பே போயிருக்கும்.

பெட்ரோல் நிரப்பும்போது மட்டும் நான் யாருக்கும் சலுகை காட்ட மாட்டேன். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், டிரைவர் வெளியே இறங்கியிருக்க வேண்டும். தீயணைப்பானின் பாதுகாப்பு ஊசியைக் கழற்றி, முனையைக் காரை நோக்கிப் பிடித்தபடி ஒருவர் நிற்க வேண்டும். நிரப்பி முடியும்வரை காரில் வேறு எந்த வேலையும் நடக்கக் கூடாது. கண்ணாடியைத் துடைப்பதற்குக்கூட அனுமதி இல்லை. புதியவர்களுக்கு இந்தக் கடைசி விதிதான் எரிச்சலாக இருக்கும். ஆனால் பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி அளவிலேயே பற்றக்கூடிய ஆவியை விடுகிற சரக்கு. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து, சூடான பிரேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் தேடிப் போவதுபோலப் பரவும்.

1994ல் ஹாக்கன்ஹைமில் யோஸ் வெர்ஸ்டப்பனின் பெனட்டன் காருக்கு எரிபொருள் நிரப்பும்போது, பெட்ரோல் பீய்ச்சியடித்து ஒரு நொடியில் கார் முழுக்கத் தீப்பந்தாக மாறியது. பத்து வருடம் தடையில் இருந்துவிட்டு, பந்தயத்துக்கு நடுவே எரிபொருள் நிரப்புவது அந்த வருடம்தான் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பி வந்திருந்தது. 2010ல் மறுபடியும் தடை செய்துவிட்டார்கள். அதற்கு முன்பு 1981ல் இண்டியானாபொலிஸில் ரிக் மியர்ஸின் காரில் பிடித்தது மெத்தனால் என்கிற ஆல்கஹால் எரிபொருளின் தீ. பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. ஆட்கள் துடிப்பதுதான் தெரிந்தது, ஏன் துடிக்கிறார்கள் என்பது சுற்றி நின்றவர்களுக்கு உடனே விளங்கவில்லை. அவ்வளவு பயிற்சி பெற்றவர்களுக்கே இப்படி நடக்கும்போது நாம் எந்த மூலைக்கு?

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். இருபது லிட்டர் கேன், நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டுமே ஏறக்குறைய 15 கிலோ. தோளுக்கு மேல் தூக்கி, சாய்த்துப் பிடித்து ஊற்ற வேண்டும். ஊற்றிக்கொண்டிருந்தவருக்குக் கை களைத்துவிட்டது. அதே நேரத்தில் இன்னொரு பையன், "சும்மாதானே நிக்கிறோம்" என்று டயர் காற்றழுத்தம் பார்க்கப் பின்சக்கரத்தின் அருகே மண்டியிடப் போனான். "தம்பி, கேன் கீழே இறங்கற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நில்லு" என்று அதட்டினேன். முறைத்துக்கொண்டே பின்வாங்கினான். அடுத்த நாலு நொடியில் கேனின் மூக்கு நழுவியது. அரை லிட்டர் இருக்கலாம், பின் பக்கத் தகட்டில் வழிந்து, சக்கரத்துக்கு முன்னால் அவன் மண்டியிட இருந்த இடத்தில் போய்த் தேங்கியது. தீப்பிடிக்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஆவி அடங்கும்வரை காரைத் தொடவிடாமல் வைத்திருந்தோம். அந்தப் பையன் ஈரமான தரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் நான் அவனிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிட் லேன் வேகத்துக்கும் இதேபோல ஒரு காரணம் உண்டு. 1994ல் இமோலாவில் மிக்கேல் அல்போரெத்தோவின் மினார்டி பிட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு சக்கரம் கழன்று ஓடி, அங்கே நின்ற மெக்கானிக்குகளைக் காயப்படுத்தியது. அதற்குப் பிறகுதான் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பிட் லேனுக்கு வேகக் கட்டுப்பாடே வந்தது. எங்கள் வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். 300 மீட்டர் பிட் லேனை 60ல் கடக்க 18 வினாடி, 80ல் கடக்க 13.5 வினாடி. மிச்சமாவது நாலரை வினாடி. ஆனால் மோதலின் ஆற்றல் ஏறக்குறைய எண்பது சதவீதம் கூடிவிடுகிறது.

காலைப் பரிசோதனையைப் பற்றி எழுதினால் முடியாது. பின்சக்கரங்களுக்கு நடுவே படுத்து கார் கவிழ்ந்தாலும் டிரைவரைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜின் வெல்டிங்கைத் தடவிப் பார்ப்பது, பேட்டரியின் நேர்முனைக்கு மூடி இருக்கிறதா என்று பார்ப்பது, மெயின் சுவிட்சை அணைத்தால் இன்ஜின் நிஜமாகவே நிற்கிறதா என்று சோதிப்பது, இப்படி நீளும். மனதைப் பிசைகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான், பெல்ட்டின் தேதி. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் தரச் சான்று உள்ள பெல்ட்டில் காலாவதி ஆண்டு தைத்திருக்கும். தயாரித்த ஆண்டுக்குப் பிறகு ஐந்து வருடம். வெயில் பட்டுப் பட்டு நூலிழை பலமிழக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் தேதியை நம்புகிறோம்.

சீசனின் முதல் பந்தயத்துக்கு ஒருவர் வந்தார். இரண்டு வருடச் சேமிப்பில் கட்டிய கார். பெல்ட் பார்க்கப் புத்தம் புதிது, ஆனால் முந்தைய டிசம்பரோடு காலாவதி. "அண்ணே, ஒரு மாசம்தானே ஆகுது" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனாலும் பரிசோதனையில் தேறியதற்கான ஸ்டிக்கரை ஒட்டவில்லை. ஒரு மாதத்துக்கு விட்டால் அடுத்தவர் மூன்று மாதத்தோடு வருவார், அவரை எந்த முகத்தோடு திருப்பி அனுப்புவேன்? அவர் காரின் மேல் சாய்ந்து நின்றிருந்தார். பத்து நிமிடம் கழித்து, அவருடைய பிரிவிலேயே போட்டியிடுகிற இன்னோர் அணிக்காரர் தன் உதிரி பெல்ட்டோடு வந்து, தானே உட்கார்ந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று கடன் கொடுத்தவரை வாங்கியவர் முந்திவிட்டார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

கார் விதிகளில் பாதி பாதுகாப்புக்கு, மீதி பணத்துக்குக் கடிவாளம் போட. எல்லோருக்கும் ஒரே டயர், ஈயமுத்திரையிட்ட இன்ஜின், டிரைவரோடு சேர்த்துக் குறைந்தபட்ச எடை. "அனுமதி என்று எழுதாத எதற்கும் அனுமதி இல்லை" என்கிற வரி கடுமையாகத் தோன்றும். அந்த வரி இல்லாத பிரிவுகளில் பணம் உள்ளவர் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போவார், மற்றவர்கள் ஒவ்வொருவராகக் காரை விற்றுவிட்டுப் போவார்கள். ஆனால் ஒன்று, பேடக்கில் (கார்களை நிறுத்தித் தயார் செய்யும் இடத்தில்) அளந்து பார்க்க முடியாத விதியை எழுதக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. "போதுமான அளவு இறுக்கமாகப் பொருத்தியிருக்க வேண்டும்" என்று முன்பு, குறைந்தபட்ச எடையை எட்டுவதற்காகக் காரில் மாட்டும் எடைக்கட்டி பற்றி ஒரு வரி இருந்தது. போதுமானது என்றால் எவ்வளவு? ஒரு காரில் 10 கிலோ இரும்புத் தகட்டை ஒரே போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். 20 ஜி மோதலில், அதாவது புவியீர்ப்பைப்போல இருபது மடங்கு விசையில், அது 200 கிலோவாக இழுக்கும். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை, விதி அப்படித்தான் இருந்தது. இப்போது எத்தனை போல்ட், என்ன தடிமன் என்று எண்ணோடு எழுதியிருக்கிறோம்.

அந்த நான்கு வினாடிப் பையனுக்கு வருகிறேன். அன்று மாலை அவனைக் கூட்டிக்கொண்டு நுழைவுக் கோடுவரை நடந்தேன். "எங்கே கார் வந்ததும் வாட்சை அழுத்தின?" என்று கேட்டேன். கார் தடத்தை விட்டு பிட் சாலைக்குள் திரும்பியதுமே அழுத்தியிருக்கிறான். அதிகாரபூர்வமான கணக்கு தொடங்குவது அங்கிருந்து தள்ளி, வேகவரம்புப் பலகைக்கு நேராக இருக்கும் வெள்ளைக் கோட்டில். அந்தத் தூரம்தான் அவனுடைய நான்கு வினாடி. ஏமாற்ற நினைக்கவில்லை, எந்தக் கோடு என்று யாரும் அவனுக்குக் காட்டவில்லை. பிரீஃபிங்கில் நாங்கள் வாயால் சொன்னதோடு சரி. தண்டனையைத் திரும்பப் பெற முடியாது, விதி விதிதான். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் கடிகாரம் பிடிக்கிறவர்கள் எல்லோரையும் நடத்திக் கூட்டிப் போய் அந்தக் கோட்டின் மேல் நிற்க வைத்துக் காட்டுகிறேன்.

அவன் இப்போது ஓர் அணிக்குத் தலைவர். போன பந்தயத்தில் ஒரு கேள்வியோடு வந்தார். வேலையைச் சீக்கிரம் முடித்த கார்கள் மூன்று நிமிடம் ஆகட்டும் என்று வெளியேறும் கோட்டுக்கு முன்னால் ஊர்ந்து, சில சமயம் நின்றேவிடுகின்றன. பின்னால் வருகிறவருக்கு ஆபத்து. "கோட்டுக்குக் கோடு அளக்காம, கார் பெட்டியில நிக்கிற நேரத்தை அளந்தா என்ன சார்?" என்று கேட்டார். பெட்டி என்றால் பிட் லேனில் ஒவ்வொரு அணிக்கும் ஒதுக்கிய நிறுத்தும் இடம். நல்ல யோசனைதான். ஆனால் அப்படிச் செய்தால், பெட்டியை விட்டுக் கிளம்பியதும் பிட் லேனில் விரட்டத் தோன்றும். அங்கே வேகத்தை அளக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினோம். கார் தன் பெட்டிக்குள்ளேயே காத்திருக்க வேண்டும், கிளம்பிய பிறகு வழியில் நிற்கக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்க்கலாமா என்று எழுதிப் பார்த்தோம். அடுத்த சீசனுக்கான விதிக் கூட்டத்தில் அந்த வரியை அவரே முன்வைக்கப் போகிறார்.