5400-ஆ, 7200-ஆ?

சில ஆண்டுகளுக்கு முன் மடிக்கணினி வாங்கப் போனபோது, 5400 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் போதுமா, கூடுதல் பணம் கொடுத்து 7200 வாங்குவதா என்று கடையில் அரை மணி நேரம் தடுமாறி நின்றேன். உள்ளிருக்கும் தட்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதே அந்த எண். தேடும் தகவல் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும் என்பதால், 5400-இல் ஏறத்தாழ 5.6 மில்லி விநாடியும் 7200-இல் 4.2 மில்லி விநாடியும் ஆகும். ஆனால் அந்த முனை சரியான தடத்துக்கு நகர்வதற்கே இரண்டிலும் அதைவிட அதிக நேரம் பிடிக்கும் என்பதைக் கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

7200-ஐயே வாங்கினேன். பெரிய வீடியோக்களை நகலெடுக்கும்போது வேகம் தெரிந்தது. அதே வேளையில் இடது உள்ளங்கை பதியும் இடம் சூடாகி, மெல்லிய அதிர்வும் விரலுக்குத் தட்டுப்பட்டது. பிறகு அதைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினேன். காபி கலந்துவரும் நேரத்தில் திறந்துகொண்டிருந்த விண்டோஸ், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திறந்துவிட்டது.