தவளை நின்ற இடத்தில் தலைப்பு

ஏழாவது வெட்டில், அதாவது எடிட்டிங்கின் ஏழாவது முயற்சியில், வந்துவிட்டது! எங்கள் குறும்படம் ‘ஆள்காட்டி’யின் முதல் 1 நிமிடம் 40 நொடி. நேற்று ராத்திரி வீட்டில் போட்டுக் காட்டினேன். தலைப்பு விழும் இடத்தில் அத்தை கையிலிருந்த முறுக்கை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார். மூன்று வாரமாக நான் காத்திருந்தது அதற்குத்தான்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையை ஒட்டிய சம்பா வயல், ஒரு மோட்டார் கொட்டகை, ஒரு குண்டு பல்பு. கேமரா அசையாது, ஆளும் வரமாட்டான். வேலை முழுக்கச் சத்தத்தில்.

முதல் நான்கு வெட்டிலும் கனத்த இசையை ஏற்றி, தலைப்பில் டமாரென்று ஓர் அடி வைத்திருந்தேன். 1954-இல் வந்த ‘அந்த நாள்’ துப்பாக்கிச் சத்தத்தோடுதான் தொடங்கும். ஆனால் அங்கே சுட்டதும் ஒருவர் விழுகிறார், சுட்டது யார் என்று மனம் தேட ஆரம்பிக்கிறது. என்னுடைய அடிக்குப் பின்னால் தேட எதுவுமே இல்லை.

வழி காட்டியவர் வயல்காரர். ஒலிப்பதிவுக்காக வரப்பில் உட்கார்ந்திருந்தபோது தவளைகள் சட்டென்று அடங்கின. “பேசாம இருங்க தம்பி. தவளை சும்மா நிக்காது. யாரோ வர்றாங்க, இல்லன்னா பாம்பு” என்றார். டெல்டாவில் வளர்ந்த எனக்கும் இது தெரிந்ததுதான். படத்தில் வைக்கலாம் என்று மட்டும் அதுவரை தோன்றவில்லை.

இசையை மொத்தமாக எடுத்தேன். ஆனால் தவளைச் சத்தத்தை ஒரே இடத்தில் நறுக்கினால் ஸ்பீக்கர் போய்விட்டது போல இருக்கிறது. வயலில் கிட்டத்துத் தவளைகள் முதலில் அடங்கும், அப்புறம் சற்றுத் தள்ளி இருப்பவை. தொலைவில் கத்துபவை நிற்காது. ஆகவே மூன்று தனித்தனி ஒலித்தடம். கிட்டத்துத் தடத்தை வெட்டி, 10 ஃபிரேம் கழித்து நடுத்தடத்தை வெட்டினேன். தொலைவும் சில்வண்டும் அப்படியே ஓடும். அந்த 10 ஃபிரேமைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு போயிற்று. நொடிக்கு 24 ஃபிரேம் ஓட்டத்தில் 4 வைத்தால் காதுக்கு இரண்டும் ஒன்றாக விழுகிறது, 20 வைத்தால் பயம் ஆறிவிடுகிறது.

அடங்கிய பின் ஒரு நொடி வெறும் இருட்டு. பிறகு எழுத்து, புள்ளி இல்லாமல்: ‘ஆளகாடடி’. பார்ப்பவர் படிக்கத் தடுமாறும்போது வயலுக்கு அந்தப்பக்கம் ஆள்காட்டிக் குருவி கத்தும். ராத்திரியிலும் ஆள் நடமாட்டம் கண்டால் குரல் கொடுக்கும் குருவி, பெயரே அதனால்தான். இரண்டு புள்ளியும் அந்தக் கத்தலில் வந்து உட்காரும். இதில் எனக்கு ரொம்பப் பெருமை. முழுத் தலைப்பையும் அடித்து, புள்ளிகளை மட்டும் கறுப்பு மாஸ்க்கால் மறைத்துத் திறந்தேன். இரண்டு தடவை தனித்தனியாக அடித்துப் பார்த்ததில் எழுத்து இம்மி நகர்ந்து துள்ளியது.

மைக்கின் ரோம உறை ஆன்லைனில் வாங்கியது, முதல் நாளே தையல் விட்டது. ஐப்பசிக் காற்றுக்கு வெறும் பஞ்சு உறை தாங்காது. சென்னை போகும் நண்பரிடம் ரிச்சி தெருவில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பெயர் அட்டைகள் இன்னும் பாக்கி. கொட்டகைச் சுவரின் நிழலில் மூன்று பெயர்கள் வர வேண்டும். அதற்குள் மனம் அடுத்ததற்குப் போய்விட்டது. மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் நுழையும்போது சருகு நகரும் ஓசையும், வெடித்த மண் குமிழி விடும் ஓசையும் வேண்டும். கல்லணை திறந்த சேதி வந்ததும் மைக்கோடு மதகடிக்கு வந்துவிடுவேன் என்று வயல்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.