வாத்து முட்டையை கிராப் வாடகைக் கார்ல ஏத்துன கதை

ஆறு குஞ்சு வந்திருக்கணும், நாலுதான் வந்துச்சு. மத்த ரெண்டும் ஓட்டுக்குள்ளயே போனது என் தப்பு. வயிறு எரியுது, அதான் மறக்கறதுக்குள்ள எழுதிடுறேன்.

முதல் ரவுண்டு பத்தி ஒரு வரி போதும். மார்க்கெட்ல வாங்குன வாத்து முட்டைய ஏழு நாள் அடை வெச்சேன், டார்ச் அடிச்சா ஒரு நரம்பு கூட இல்ல, அத்தனையும் கூமுட்டை. சாப்பிடுறதுக்கு விக்கிற முட்டையில பெரும்பாலும் கரு இருக்காது, ஆண் வாத்து கூட இருந்த முட்டைதான் வேணும். அப்புறம் அத்தானோட ஃப்ரெண்டு வீட்டுல இருந்து எட்டு பெக்கின் வகை வாத்து முட்டை கிடைச்சுது. இன்குபேட்டர் ஆன்லைன்ல வாங்குனது, ப்ளக் நம்ம சிங்கப்பூர் மூணு பின் இல்ல, அடாப்டர் தனி. தானா திருப்புற தட்டு கோழி முட்டை சைஸ், வாத்து முட்டை உள்ள போகவே இல்ல. பென்சில்ல ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் போட்டு, ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கையாலதான் திருப்புனேன்.

பத்தாவது நாள் அக்கா போன்ல கேட்டாங்க, "பொரிச்சா எங்கடா வளக்கப் போற?"

நான் இருக்கறது ஈசூன்ல வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி. எங்க வீட்டுல கோழி, வாத்து எதுவும் வளக்கக் கூடாதுங்கறது எனக்குத் தோணவே இல்ல பாருங்க. பூனைக்கே 2024 செப்டம்பர்லதான் அனுமதி வந்துச்சு, வாத்துக்கா தருவாங்க! அடுக்குமாடி இல்லாத தரை வீட்டுல வளக்கலாம், அதுவும் பத்துக்கு மேல கூடாது, வெளிப்பறவை நுழையாத மாதிரி வலை போட்ட கூண்டு வேணும். அக்கா வீடு சிராங்கூன் கார்டன்ஸ்ல. கெஞ்சி கூத்தாடி ஒத்துக்க வெச்சேன்.

மறுநாள் முட்டைங்கள துண்டுல சுத்தி, ஐஸ் பாக்ஸ்ல வெந்நீர் பாட்டிலோட வெச்சு, கூரான பக்கம் கீழ இருக்கற மாதிரி நிறுத்தி கிராப்ல ஏறுனேன். டிரைவர் அங்கிள் கண்ணாடியில பாத்துட்டே இருந்தாரு. முட்டைன்னு சொன்னதும் "எங்க வாங்குனே, என்ன விலை?"ன்னு கேட்டாரு, பிரேக் போடும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்துச்சு. தாய் வாத்தே தினமும் எந்திரிச்சு இரை எடுக்கப் போகும், அதனால அரை மணி நேரம் சூடு குறைஞ்சா ஒண்ணும் ஆகாது.

உண்மையான தப்பு தண்ணியில. இன்குபேட்டரோட வந்த பேப்பர்ல அதோட அடியில இருக்கற ரெண்டு தண்ணி வாய்க்காலும் நிறைய ஊத்தச் சொல்லியிருந்துச்சு, நானும் நல்ல பிள்ளையா ஊத்துனேன், ஈரப்பதம் 75 காட்டுனப்ப பெருமை வேற பட்டேன். அந்தப் பேப்பர் நம்ம ஊருக்கு எழுதுனது இல்லைங்க. இங்க 30 டிகிரியில 80 சதவீத ஈரம் இருக்கற காத்த 37.5க்கு சூடாக்குனா தன்னால 50, 55க்கு இறங்கிடும், முதல் 25 நாளுக்கு அதுவே போதும், ஒரு சொட்டுத் தண்ணி வேணாம். ஏர்கான் ரூம்னா கதை வேற, அங்க காய்ஞ்சு போகும்.

பதினாலாவது நாள் அக்காவோட கேக் தராசுல வெச்சுப் பாத்தப்பதான் புரிஞ்சுது. 78 கிராம் முட்டை, பொரியறதுக்குள்ள பத்து கிராம் போல குறையணும், அஞ்சு கிராமாவது குறைஞ்சிருக்க வேண்டிய நேரத்துல ரெண்டுதான் குறைஞ்சிருந்துச்சு. ஈரம் வெளிய போனாத்தான் உள்ள காத்துப் பை பெருசாகும், குஞ்சு முதல்ல மூச்சு விடுறது அதுக்குள்ளதான். தண்ணிய கொட்டிட்டு ஏர்கான் ரூமுக்கு மாத்துனேன், ஓரளவுதான் தேறுச்சு. அதுக்குள்ள ஒண்ணு கூமுட்டை, ஒண்ணு ரத்த வளையம் போட்டு செத்துருச்சு, மிச்சம் ஆறு.

25வது நாள் திருப்புறத நிறுத்திட்டு ஹாலுக்குக் கொண்டு வந்து, அப்பத்தான் தண்ணி ஊத்தி 70க்கு மேல ஏத்துனேன். 27வது நாள் ராத்திரி முதல் ஓடு விரிசல் விட்டுச்சு. ஒரு குஞ்சு கொத்துன இடத்துலயே முப்பது மணி நேரம் உக்காந்திருந்துச்சு, என் மனைவி நகத்தால உரிச்சு விடலாம்னு பத்து தடவை கேட்டா, அப்படி உரிச்சா உள்ள இருக்கற ரத்த நரம்பு கிழிஞ்சிடும்னு நான் இன்குபேட்டர் மூடியத் தொடவே விடல. விடியக்காலை மூணு மணிக்கு அதுவா சுத்திச் சுத்தி ஓட்ட அறுத்துட்டு வெளிய விழுந்துச்சு. நாலு பேரும் கத்துனோம்.

பொரியாத ரெண்டையும் ரெண்டு நாள் கழிச்சு உடைச்சுப் பாத்தேன். முழு குஞ்சு, சுத்தியும் தண்ணி.

வளக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம். கடைக்காரர் "எல்லா குஞ்சுக்கும் இதான்"னு கோழிக்குஞ்சு தீவனம் குடுத்தாரு, வாத்துக்கு நியாசின்ங்கற வைட்டமின் அதிகம் வேணும், இல்லன்னா கால் மடங்கிடும், நான் அது இருக்கற ப்ரூவர்ஸ் ஈஸ்ட் பொடி தூவிக் குடுக்கறேன். அடியில நியூஸ்பேப்பர் விரிக்காதீங்க, வழுக்கி கால் அகண்டு போகும், பழைய துண்டு போதும்.

இப்ப நாலும் அக்கா வீட்டுக் கூண்டுல. அத்தான் தினமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தண்ணி மாத்துறாரு, மாத்திட்டு எனக்குப் போன் போட்டுத் திட்டுறாரு.