நான்தான் அவர் மனைவி என்று நிரூபிக்க எட்டு மாதம்

2025 ஜூலை கடைசியில் பேங்க்கிலிருந்து மெசேஜ் வந்தது. குடும்ப ஓய்வூதியம், நிலுவையோடு சேர்த்து. எங்கள் வீட்டுக்காரர் போனது 2024 நவம்பர் 18. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பணம் வந்த நிம்மதி ஒரு நாள் இருந்தது. பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன், பாதி என் ஆற்றாமைக்கும்தான்.

அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கர், அதாவது ஆற்றுக் கரையையும் மதகையும் பார்த்துக்கொள்கிற வேலை. நீர்வளத் துறை என்று பெயர் மாறியதெல்லாம் அவர் ஓய்வு பெற்ற பிறகு. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் கொள்ளிடக் கரையில் சில மைலும் இரண்டு மதகும் அவர் பொறுப்பு. தினக்கூலியாகச் சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் நிரந்தரம் ஆனது. நல்லவேளை, 2003 ஏப்ரலுக்கு முன்பே ஆகிவிட்டதால் பழைய ஓய்வூதியத்தில் வந்தார். 2016ல் ஓய்வு. பேப்பரில்தான் ஓய்வு. தண்ணீர் வருகிற மாதங்களில் டார்ச்சும் கம்புமாகக் கரைக்குப் போவதை அவர் விடவே இல்லை. ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடப்பார். ஒரு ஜெபமாலை முடிந்தால் ஒரு மைல் என்பது அவர் கணக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் அலைச்சல் எங்கள் தப்பு. அவர் இறந்தது தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில். நாங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீசில் போய் இறப்புச் சான்றிதழ் கேட்டுக்கொண்டு நின்றோம். உயிர் எங்கே போனதோ அந்த ஊரில்தான் பதிவு. 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் பணம் கட்ட வேண்டியதில்லை. பதிவுக்கு முன்னால் அவர்கள் எழுதி வைத்திருப்பதை ஒருமுறை வாங்கிப் படியுங்கள். சான்றிதழ் ஆன பிறகு ஓர் எழுத்தைத் திருத்துவதற்குள் கால் தேய்ந்துவிடும்.

இரண்டாவது தப்பு என் மகனுடையது. சாவுச் செலவுக்கு அப்பா ஏ.டி.எம். கார்டில் எடுத்துவிட்டான். இறந்ததைக் கருவூலத்துக்கு நாங்கள் உடனே எழுத்தில் கொடுக்கவில்லை. நவம்பர் முழு ஓய்வூதியமும் டிசம்பரும் கணக்கில் ஏறியிருந்தது. இறந்த நாள் வரைக்கும்தான் அவர் ஓய்வூதியம், மறுநாளிலிருந்து நமக்குக் குடும்ப ஓய்வூதியம். அதற்கு மேல் அவர் பேரில் ஏறிய பணம் நம் பணம் இல்லை. பின்னால் என் நிலுவையில் பைசா விடாமல் பிடித்தார்கள். துக்கத்திலும் அந்த முதல் வாரத்தில் ஒரு கடிதம் கொடுத்து நகலில் சீல் வாங்கி வைத்துவிடுங்கள்.

அடுத்து பி.பி.ஓ., அதாவது ஓய்வூதிய ஆணைப் புத்தகம். கருவூலத்தில் ஒரு பாதி இருக்கும், நம்மிடம் ஒரு பாதி. நம் பாதியைக் காணவில்லை. பீரோ, மேஜை டிராயர், கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி, எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தேன். நாலு நாள் தேடினேன். நாற்பத்தோரு வருஷம் கூட இருந்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். 2005 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். அதற்கப்புறம் அவர் முக்கியமானது எதையும் தரையோடு வைத்ததில்லை. பரண் மேல் ஏறிப் பார்த்தால் உரச்சாக்கு உள்பையில் சுற்றி, நைலான் கயிற்றால் மூன்று முடிச்சுப் போட்டு ஒரு பொட்டலம். முடிச்சை அவிழ்க்க முடியாமல் அரிவாள்மனையில் வைத்து அறுத்தேன்.

உள்ளே பி.பி.ஓ. இருந்தது. வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டு, பூண்டி மாதா படம் ஒன்று, அப்புறம் அந்த 2005ஆம் வருஷத்தில் அவர் கரையில் எழுதி வந்த நோட்டு. அதில் ஒரு பக்கத்தில் அவர் கையெழுத்து: "இரவு 2 மணி. ஊற்று. கலங்கல். 40 மூட்டை." அவ்வளவுதான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு நிறைந்து ஓடும்போது கரைக்கு வெளிப்பக்க அடியில் தண்ணீர் ஊறி வரும். தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால் கரையின் மண்ணை உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். ஊற்றை அடைக்கக் கூடாது, அடைத்தால் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். சுற்றிக் கிணறு மாதிரி மணல் மூட்டை அடுக்கி உள்ளே தண்ணீரை ஏற விட வேண்டும். அது ஏற ஏற, ஊறுகிற வேகம் குறையும். இதை எனக்குச் சமையலறையில் சொம்பும் உப்பும் வைத்துக் காட்டியிருக்கிறார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பரண் ஏணியிலேயே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.

பி.பி.ஓ.வோடு சார்நிலைக் கருவூலத்துக்குப் போனோம். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. ஜன்னலுக்குள் இருந்தவர் தலையைத் தூக்காமல், "வாரிசுச் சான்று கொண்டாங்கம்மா" என்றார். இ-சேவை மையத்தில் பதிந்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று இரண்டரை மாதம். கொண்டுபோய் நீட்டினால் அந்த இடத்தில் வேறொருவர். "இது எதுக்கும்மா? பி.பி.ஓ.லயே சம்சாரம் பேரு இருந்தா குடும்ப ஓய்வூதியத்துக்கு இது வேண்டாமே" என்கிறார். அவரிடம் கோபப்பட்டு என்ன செய்ய? நீங்கள் போனால் முதல் நாளே என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி பஸ் ஏறாதீர்கள்.

அந்தப் புது ஆள்தான் பி.பி.ஓ.வையும் என் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அங்கேதான் மாட்டினேன்.

ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம் எல்லாவற்றிலும் என் ஞானஸ்நானப் பெயர், 'மேரி' என்று முடிவது. பி.பி.ஓ.வில் 'அம்மாள்' என்று முடிகிற வேறு ஒரு பெயர். அது வீட்டுப் பெயர். வீட்டுப் பெயர் என்றுகூடச் சொல்ல முடியாது, அவர் ஒருவர்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார். ஆபீசில் சம்சாரம் பேர் என்ன என்று கேட்டபோது வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார் மனுஷன். கரை நோட்டில் மணி, மூட்டைக் கணக்கு எல்லாம் பிசகாமல் எழுதுகிறவர். நானும் முப்பது வருஷம் அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகள் பெயரையெல்லாம் பதிவேட்டில் சரிபார்த்தவள், இதை மட்டும் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டார்: "இந்தம்மா யாரு, மொத சம்சாரமா? நீங்க ரெண்டாவதா?"

வரிசையில் பன்னிரண்டு பேர். என் மகன் சத்தம் போட ஆரம்பித்துவிட்டான். எனக்கு வாய் எழவில்லை. பி.பி.ஓ.வில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒட்டியிருக்கிறது. அவர் கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, நான் அரக்குப் புடவை. அந்தப் பக்கத்தைப் பிடித்திருந்தவரின் கட்டைவிரல் சரியாக என் முகத்தின் மேல் இருந்தது. "கொஞ்சம் விரலை எடுங்க சார்" என்றேன். எடுத்தார், பார்த்தார். "போட்டோ எல்லாம் செல்லாதும்மா, ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு தாசில்தார் கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்று ஜன்னலை விட்டு எழுந்துவிட்டார்.

நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்றை முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கினோம். தாலுகா ஆபீசில் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. 'இரு பெயரும் இவருடையதே என்பதற்குப் பழைய ஆதாரம் ஏதாவது' கேட்டார்கள். எனக்குப் பள்ளிச் சான்றிலும் மேரிதான். அவர் சொன்ன அந்தப் பெயர் எங்கே எழுத்தில் இருக்கிறது? எங்கேயும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

வழி சொன்னது எங்கள் நாத்தனார். "அண்ணி, ஓலை வாசிச்சப்போ சாமியார் உங்களோட ரெண்டு பெயரையும் சொன்னாரே, எல்லாரும் சிரிச்சாங்களே" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் அறிவிப்பு வாசிப்பதைத்தான் ஓலை என்போம். பங்குக் கோயிலில் 1983ஆம் வருஷத்துத் திருமணப் பதிவேட்டை எடுத்தார்கள். ஊதா மசியில் என் ஞானஸ்நானப் பெயர், பக்கத்தில் 'என்கிற' போட்டு அந்தப் பெயர். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தார், சாமியாரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். பதிவேட்டு நகலில் பங்குத் தந்தை கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். கூடவே அவர் வேலை பார்த்த பிரிவு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். அதற்காக அவரோடு மதகில் பலகை தூக்கிய இரண்டு பழைய லஸ்கர்கள் சைக்கிளில் வந்து சாட்சி சொன்னார்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு அணையில் ஒன்பது ஷட்டர் அடித்துக்கொண்டு போன ராத்திரி, ஓய்வு பெற்றவரை வீட்டில் உட்கார வைக்க முடியாமல் கரைக்குக் கூட்டிப்போனது இவர்கள்தான். அன்றைக்கு அவர் துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரிதான் கரையில் உட்கார்ந்திருந்தாராம்.

இந்த மூன்றையும் வைத்ததும் தாலுகா ஆபீசில் பத்து நாளில் 'இருவரும் ஒருவரே' சான்று வந்துவிட்டது. கருவூலத்தில் அதன் பிறகு ஒரே நாள் வேலை. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், மேலே அகவிலைப்படி.

இன்னொன்று. குடும்பப் பாதுகாப்பு நிதி என்று ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடித்திருப்பார்கள். ஓய்வூதியர் இறந்தால் 50,000 ரூபாய் உண்டு, அதற்குத் தனி விண்ணப்பம். ஜன்னலில் யாரும் இதைச் சொல்லவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு டீச்சரம்மா சொல்லித்தான் தெரியும். அவரும் புருஷனை இழந்தவர். கேட்டு வாங்குங்கள். உயிரோடு இருக்கும்போதே பி.பி.ஓ.வை எடுத்து உங்கள் பெயரை ஆதாரோடு எழுத்தெழுத்தாக ஒத்துப்பாருங்கள். வீட்டில் சண்டை வந்தாலும் பரவாயில்லை.

அந்தக் கடைசி நாளில் கருவூலத்தில் என் முறை வந்ததும் கடைநிலை ஊழியர் வெளியே வந்து அந்தப் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார். எட்டு மாதத்துக்கப்புறம் காதில் விழுகிறது. எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. மகன் முழங்கையைப் பிடித்து, "உங்களத்தாம்மா" என்றான்.

நவம்பரில் வருஷத் திவசப் பூசைக்குப் பணம் கட்டப் பங்கு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ரசீது எழுதுகிற பையன், "யார் பேருல போடட்டும்?" என்று கேட்டான். சொன்னேன்.

"ஆதார்ல அப்படித்தான் இருக்கா பாட்டி?"

"ஆதார்ல இல்ல. நீ எழுது" என்றேன்.