தங்கச் சுரங்கம் ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி: காத்து, தண்ணி, கரண்ட்

ஒரு அண்டர்கிரவுண்ட் தங்கச் சுரங்கத்த ஆரம்பத்துலேர்ந்து கட்டி புரொடக்‌ஷனுக்கு கொண்டு வந்த ப்ராஜெக்ட்ல சர்வீசஸ் டீம்ல இருந்தேன், அதாவது காத்து, தண்ணி, கரண்ட் இது மூணும் எங்க பொறுப்பு. வெளில யாருகிட்ட சொன்னாலும் முதல் கேள்வி "தங்கத்த பாத்தியா"தான். பாறையில தங்கம் கண்ணுக்குத் தெரியறதே அபூர்வம்ங்க, ஒரு டன் தாதுல அஞ்சாறு கிராம் இருந்தாலே நல்ல சுரங்கம்னு சொல்லுவாங்க, மிச்சம் பூரா கல்லு. அந்த அஞ்சாறு கிராம எடுக்கப் போற ஆளு உள்ள மூச்சு விடணுமே, எங்க ஷெட்யூல கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிச்சது அந்த விஷயம்தான்.

எங்களுது நேரா கிணறு மாதிரி இறங்கற ஷாஃப்ட் இல்ல, டிக்ளைன். லாரி இறங்கற மாதிரி சரிவா வெட்டிக்கிட்டே சுத்திச் சுத்தி கீழ போறது. சரிவு 7-க்கு 1, அப்போ 300 மீட்டர் ஆழம் போகணும்னா 2 கிலோமீட்டருக்கு மேல குடையணும். ஜம்போங்கற ட்ரில்லிங் வண்டி வெச்சு ஓட்டை போட்டு, வெடி வெச்சு, புகை வெளியேற காத்திருந்து, தண்ணி அடிச்சு, மேல தொங்கற கல்ல தட்டி விட்டு, மக், அதாவது உடைஞ்ச கல்ல அள்ளி, ஷாட்கிரீட்னு கான்கிரீட்ட பாறை மேல பீச்சி அடிச்சு, பாறையப் பிடிச்சு வெக்க போல்ட் இறக்கி, இவ்ளோ பண்ணினா முன்னாடி நகர்றது மூணரை நாலு மீட்டர். வாசல் பக்கத்துல பாறை உளுத்துப் போயிருந்ததால அது கூட கிடைக்கல, ஒரு வெடிக்கு கொஞ்சம் கொஞ்சமா பயந்து பயந்துதான் போனோம்.

இப்ப காத்துக்கு வரேன். உள்ள ஓடறது எல்லாம் டீசல் வண்டி. கணக்கு என்னன்னா எஞ்சின் பவர் ஒரு கிலோவாட்டுக்கு செகண்டுக்கு 0.05, 0.06 கன மீட்டர் காத்து வேணும்னு எடுத்துக்குவாங்க, 300 கிலோவாட் லோடர் ஒண்ணுக்கே 15 லேர்ந்து 18 கன மீட்டர் ஆச்சு, அதோட ரெண்டு லாரி சேர்ந்தா எவ்ளோன்னு பாத்துக்குங்க. ஆரம்பத்துல வாசல்ல ஃபேன் வெச்சு துணி டக்ட் வழியாதான் தள்ளுவோம், ஆனா டக்ட் நீளமாக ஆக ஒவ்வொரு ஜாயின்ட்லயும் கசிவு, லாரி உரசி கிழிச்சுட்டுப் போறது வேற, குடைஞ்சுக்கிட்டு இருக்கற முகப்புக்குப் போய்ச் சேர்றப்ப பாதிதான் மிஞ்சும். சரி பெரிய ஃபேன் போடலாம்னா காத்த ரெண்டு மடங்கு ஆக்க பவர் எட்டு மடங்கு வேணும், அது ஆகற கதையா?

அதனால மேலேர்ந்து நேரா ஒரு வென்ட் ரெய்ஸ், அதாவது காத்து போக வர ஒரு செங்குத்து ஓட்டை வேணும். ரெய்ஸ் போரிங்ல முதல்ல மேலேர்ந்து சின்னதா பைலட் ஓட்டை போட்டு கீழ இருக்கற டிரைவ்ல, அதாவது குடைஞ்ச பாதையில குத்தி வெளில வரணும், அங்க ரீமர் தலைய மாட்டி மேல்பக்கமா இழுத்துக்கிட்டே அகலப்படுத்தணும், வெட்டின கல்லெல்லாம் கீழ விழும், லோடர் அள்ளும். சிக்கல் எங்கன்னு புரியுதா? ரெய்ஸ் வேணும்னா டிக்ளைன் அங்க கீழ போய்ச் சேர்ந்திருக்கணும், டிக்ளைன் வேகமா போகணும்னா ரெய்ஸ் வேணும். பிளானிங் ஆளுங்க சார்ட்ல ரெண்டு பாரையும் பக்கத்து பக்கத்துல அழகா போட்டிருந்தாங்க! கடைசி கொஞ்ச தூரம் ஒரே நேரத்துல ஒரு லாரிதான் உள்ள போகலாம்னு கட்டுப்பாடு வெச்சு ஊர்ந்துக்கிட்டு போனோம், மேனேஜ்மென்ட் மூஞ்சிய பாக்க முடியல. ரெய்ஸ் திறந்த அன்னிக்கு உள்ள மூடுபனி மாதிரி நின்னுட்டு இருந்த புகை ஒரு மணி நேரத்துல காணோம்.

அந்த ரெய்ஸ்ல ஏணி போட்டதும் ரெண்டாவது வெளியேறும் வழியும் கிடைச்சுது, அது இல்லாம ஸ்டோப்ல, அதாவது தாது வெட்டற இடத்துல கை வைக்க விடமாட்டாங்க, விடவும் கூடாது. ஆபத்துன்னா உள்ள போய் ஒதுங்கற ரெஃப்யூஜ் சேம்பர் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. மேற்கு ஆஸ்திரேலியா வழிகாட்டுதல்ல வேலை செய்யற ஆள் சேம்பர்லேர்ந்து 750 மீட்டருக்கு மேல தள்ளி இருக்கக் கூடாதுன்னு இருக்கு, இடுப்புல கட்டியிருக்கற ஆக்சிஜன் டப்பாவ நம்பி புகையில நடக்கறத வெச்சு போட்ட கணக்கு அது. தீப்பிடிச்சா சொல்றதுக்கு மெர்காப்டன்னு நாத்தம் பிடிச்ச கேஸ காத்துல கலந்து விடுவாங்க, சமையல் கேஸ்ல வர்ற அதே வாடைதான். ரேடியோ கேக்காத மூலையிலயும் மூக்குக்கு எட்டும், எனக்குத் தெரிஞ்சு இதவிட புத்திசாலித்தனமான அலாரம் கிடையாது.

தண்ணி தனி ரோதனை. பாறையிலேர்ந்து ஊறறது பாதி, ட்ரில்லிங்குக்கு நாமளே விடறது பாதி. 300 மீட்டர் உயரத்துக்கு ஒரே மூச்சுல தள்ளணும்னா பைப்ல 30 பார் பிரஷர் நிக்கும், அதனால நடுவுல ஸ்டேஷன் வெச்சு படிப்படியா ஏத்தறது. தண்ணி சுத்தமா இருந்தா பிரச்சனையே இல்ல, அதுல வர்ற கல்லுத்தூள்தான் பம்ப்புக்குள்ள சுத்தற இம்பெல்லர அரைச்சுத் தின்னுடும். தண்ணி வந்து சேர்ற குழி இருக்கே, அந்த சம்ப்ப பெருசா வெட்டி தூள் கீழ படியறதுக்கு நேரம் குடுத்தா பம்ப் ஆயுசு கூடும், ஆனா காசு மிச்சம் பண்ணணும்னா எல்லாரும் முதல்ல குறைக்கச் சொல்றது அந்த சம்ப்பைத்தான். சண்டை போட்டுத்தான் வாங்கினோம்.

கரண்ட் பத்தி சுருக்கமா. 11 கிலோவோல்ட்ல உள்ள கொண்டு போய் சப்ஸ்டேஷன்ல 1000 வோல்ட்டா இறக்கி ஜம்போவுக்கும் பம்ப்புக்கும் குடுக்கறது, கேபிள் நீண்டா வோல்டேஜ் விழும், அதனால முகப்பு இறங்க இறங்க சப்ஸ்டேஷனும் பின்னாடியே இறங்கணும். மெயின் டிரான்ஸ்ஃபார்மர் சொன்ன தேதிக்கு வரல, ஜெனரேட்டர்லயே ஓட்டினோம், டீசல் பில்ல பாத்து எல்லாருக்கும் தூக்கம் போச்சு.

மேல பிளான்ட் அதுபாட்டுக்கு ரெடி ஆச்சு, கிரஷர், மில், தங்கத்த கரைக்கற சயனைடு லீச் டேங்க், கரைஞ்சத பிடிச்சுக்கற கார்பன் எல்லாம். தங்கத்த உருக்கி அச்சுல ஊத்தறத போர் (pour)னு சொல்லுவாங்க, முதல் போர் அன்னிக்கு போட்டோ எடுக்க பெரிய கூட்டம், ஆனா வந்த டோரே கட்டி, அதாவது இன்னும் சுத்தம் பண்ணாத தங்கக் கட்டி, கணக்குல எதிர்பார்த்தத விட ரொம்ப சின்னது, தங்கம் எங்க போச்சுன்னு ஃபைனான்ஸ் ஆளுங்க செக்யூரிட்டிய கூப்பிடாத குறை. திருட்டெல்லாம் இல்லைங்க. புது மில்லுல உள்பக்கம் பதிச்ச லைனர் தகடு இடுக்கெல்லாம் தங்கம் போய் உக்காந்துக்கும், டேங்க்ல இருக்கற புது கார்பனும் முதல்ல தன் வயித்த நிரப்பிக்கும், அதெல்லாம் ரொம்பின பிறகுதான் உள்ள போறதும் வெளில வர்றதும் சமமாகும். மெட்டலர்ஜிஸ்ட் போர்டுல படம் போட்டு விளக்கினார், அவங்க தலைய ஆட்டினாங்களே தவிர நம்பின மாதிரி தெரியல, அடுத்தடுத்த போர்ல எடை ஏறினதும் கேள்வி தானா நின்னுடுச்சு.